படத்தை மூடிவிட்டு நிறுவுவது எப்படி?

2014 முதல் தென்னாப்பிரிக்காவின் 12ஆம் வகுப்புக் கணிதத் தேர்வில் பண்டைய கிரேக்கக் கணிதவியலாளர் யூக்ளிடின் வடிவியல் மீண்டும் கட்டாயப் பகுதியானதால், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே காரணம் எழுதுகிறார்கள். காரணம் என்றால் என்ன என்பதை உணர்த்த, ஜெர்மானியக் கணிதவியலாளர் டேவிட் ஹில்பர்ட் 1899இல் வெளியிட்ட ‘வடிவியலின் அடித்தளங்கள்’ காட்டும் வழியே சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அ, ஆ என்ற புள்ளிகளை இணைத்து, ஒவ்வொன்றையும் மையமாகவும் அஆவை ஆரமாகவும் கொண்டு கவராயத்தால் இரு வட்டங்கள் வரையச் சொல்லுங்கள். அவை வெட்டும் புள்ளி இ எனில், அஆஇ சமபக்க முக்கோணம். இது யூக்ளிடின் முதல் தேற்றம். பள்ளியில் ஆங்கிலத்தில் எழுதினாலும், வீட்டில் காரணங்களைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். காரணத்துக்கு மனப்பாடமாக எழுதும் ஆங்கிலச் சுருக்கக் குறிப்பு அப்போது கைகொடுக்காது.

இனிப் படத்தை மூடிவிட்டு, வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் என்பதற்குக் காரணம் கேளுங்கள். “படத்தில் தெரிகிறதே” என்றுதான் பதில் வரும். இங்கே அவசரப்படாதீர்கள். அ (0, 0), ஆ (1, 0) என்று கொண்டால், இயின் உயரம் √3/2. அது விகிதமுறா எண், அதாவது இரு முழு எண்களின் விகிதமாக எழுத முடியாதது. இரு ஆயத்தொலைவுகளும் விகிதமுறு எண்களாக உள்ள புள்ளிகள் மட்டுமே கொண்ட ஒரு தளத்தைக் கற்பனை செய்தால், அங்கே யூக்ளிட் நிறுவாமலே ஏற்றுத் தொடங்கிய ஐந்து கூற்றுகளும், அதாவது எடுகோள்களும், பொருந்தும். ஆனால் இ என்ற புள்ளி அங்கே இல்லை. ஆகவே யூக்ளிட் சொல்லாத ஒன்றைப் படம் நமக்குச் சொல்லியிருக்கிறது.

ஹில்பர்ட் புள்ளி, கோடு, தளம் ஆகியவற்றை வரையறுக்காமலே விட்டு, அவற்றின் உறவுகளை மட்டும் ஐந்து தொகுதி அடிகோள்களாக (நிறுவாமல் ஏற்கும் அடிப்படைக் கூற்றுகளாக) வகுத்தார்: அமைதல் (புள்ளி கோட்டில் இருப்பது), இடைப்படுதல் (ஒரு புள்ளி மற்ற இரண்டுக்கு நடுவே இருப்பது), சர்வசமம், இணைகோடு, தொடர்ச்சி. மேலே கண்ட இடைவெளியை அடைப்பது தொடர்ச்சித் தொகுதி. முதற்பதிப்பில் அதில், எவ்வளவு சிறிய நீளத்தையும் திரும்பத் திரும்ப அடுக்கினால் எந்தப் பெரிய நீளத்தையும் தாண்டும் என்னும் ஆர்க்கிமிடீஸின் அடிகோள் மட்டுமே இருந்தது. மற்ற அடிகோள்கள் குலையாமல் புதிய புள்ளி எதையும் சேர்க்க முடியாது என்னும் முழுமை அடிகோளைப் பின்னரே சேர்த்தார்.

அடுத்த பயிற்சியாக, இரு பக்கங்களும் இடைக்கோணமும் சமமானால் முக்கோணங்கள் சர்வசமம் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். யூக்ளிட் ஒரு முக்கோணத்தைத் தூக்கி மற்றொன்றின் மேல் வைத்து இதை நிறுவினார். ஆனால் வடிவத்தை நகர்த்தலாம் என்று அவருடைய எந்த எடுகோளும் கூறவில்லை. ஹில்பர்ட் இதன் சாரத்தைச் சர்வசமத் தொகுதியின் அடிகோளாகவே வைத்தார். அதனால், “இதற்கும் காரணம் என்ன?” என்று பிள்ளை திருப்பிக் கேட்டால், இங்கே கேள்வி அடிகோளில் வந்து நிற்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.