எரிந்த கோப்பு, எரியாத தாள்கள்: அமெரிக்கக் குடும்பங்களின் ராணுவச் சேவையைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை மதியங்களில் எங்கள் ஊர் நூலகத்தில், குடும்ப வரலாறு தேடி வருபவர்களுக்குக் கூடமாட உதவி செய்கிறேன். நான் ஒஹாயோவுக்கு மருமகளாக வந்தவள். கணவர் வீட்டில் பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று தலைமுறைக்கு ஒருவராவது ஏதோ ஒரு போருக்குப் போயிருக்கிறார். அவர்களைத் தேடித்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.

போன மாதம் மட்டும் இரண்டு பேர், ராணுவக் கோப்புகளை வைத்திருக்கும் காப்பகத்திலிருந்து வந்த ஒரே மாதிரிக் கடிதத்தோடு வந்தார்கள். "எல்லாம் எரிஞ்சு போச்சாம், விட்டுட்டேன்" என்றார் ஒருவர். பதினான்கு வருடங்களுக்கு முன் நானும் அதையேதான் சொன்னேன். பெயரின் எழுத்து மாறியிருக்கும், பிறந்த தேதி முன்னே பின்னே இருக்கும் என்பதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை.

கடிதத்தைப் படித்ததும் தேடலை நிறுத்துவது

1973 ஜூலை 12, நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில், மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் அருகே ராணுவத்தாரின் கோப்புகளை வைத்திருந்த கட்டடத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. அந்த மாடியில் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு இல்லை. முழுதாக அணைய நான்கு நாட்களுக்கு மேல் ஆனது. 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி கோப்புகள் வரை போயின. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் இல்லை. வேறு நகலும் எடுத்து வைக்கவில்லை.

நான் சொன்ன அந்தப் பதினான்கு வருடங்களுக்கு முன், என் மாமியாருக்கு 81 வயது. அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் இருந்தார் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று சாவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். நான் பெயரையும் பிறந்த ஆண்டையும் மட்டும் நிரப்பி விண்ணப்பம் அனுப்பினேன். கோப்பு தீயில் போன பகுதியில் இருந்திருக்கும் என்று பதில் வந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். "சரி, அப்ப விடும்மா" என்றார். நானும் விட்டுவிட்டேன். நான்கு வருடம் கழித்து அவர் போய்விட்டார்.

அதற்கும் இரண்டு வருடம் கழித்து, வேறு ஒருவருடைய நிலப் பத்திரத்துக்காகக் கவுண்டிப் (மாவட்டம் மாதிரி) பதிவு அலுவலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து அலமாரியில் ராணுவ டிஸ்சார்ஜ், அதாவது சேவையிலிருந்து விடுவித்த தாள்களின் பதிவேடுகள் வரிசையாக நின்றன. போரிலிருந்து திரும்பியவர்கள், தாள் தொலைந்துபோகும் என்று பயந்து, ஊர்ப் பதிவேட்டில் ஏற்றி வைப்பது வழக்கம். 1945-க்கான புத்தகத்தில் மாமியாருடைய அப்பாவின் பக்கம் இருந்தது. ரோம்-ஆர்னோ, வட அப்பெனைன்ஸ், போ பள்ளத்தாக்கு என்று மூன்று போர்முனைகள். கப்பல் ஏறிய தேதி, திரும்பி இறங்கிய தேதி. போரில் பட்ட காயம் என்ற கட்டத்தில் 1944 அக்டோபரில் ஒரு நாள். அவர் இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்ததற்கு வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்ததுதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். மாமியாரும் அப்படியே நம்பிப் போய்ச் சேர்ந்தார். அந்த அலுவலகம் எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

அப்புறம்தான் ஒழுங்காகத் தேடினேன். 1938 முதல் 1946 வரை தரைப்படையில் சேர்ந்த சுமார் 90 லட்சம் பேரின் பட்டியல் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அதில் ராணுவ எண் கிடைக்கும். அந்த எண்ணோடு மறுபடி கேட்டேன். தீயணைப்புத் தண்ணீரில் நனைந்த கட்டுகளிலிருந்து உலர்த்தி மீட்ட கோப்புகள் சுமார் 65 லட்சம் உண்டு. இவருடையது அதில் ஒன்று. நகலாக வந்த பதினோரு பக்கங்களும் ஓரம் கருகிய அப்பளம் மாதிரி இருந்தன. நடுவில் எழுத்து தெளிவு.

கோப்பே இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. வெளியேறும்போது கொடுத்த கடைசிச் சம்பளத்தின் ரசீது வேறு இடத்தில் இருந்ததால் தப்பியது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, ராணுவ எண் எல்லாம் அதில் வரும். ஒவ்வொரு கம்பெனியும் (ராணுவத்தின் சிறு பிரிவு) தினமும் எழுதிய காலை அறிக்கைகளில் யார் வந்தார், யார் ஆஸ்பத்திரிக்குப் போனார், யார் இறந்தார் என்று இருக்கும். காயத்துக்கு உதவித்தொகை கேட்டிருந்தால் அதற்குத் தனிக் கோப்பு. போரில் இறந்தவர்களின் அடக்கம் பற்றிய கோப்பும் தனி. போருக்குப் போனவர்களுக்குப் பல மாநிலங்கள் போனஸ் கொடுத்தன. அந்த விண்ணப்பங்களையும் கேளுங்கள். "எரிந்திருக்கலாம்" என்ற கடிதம் ஒரே ஒரு அலமாரியைப் பற்றித்தான் பேசுகிறது.

கடற்படைக்காரருக்கும் அதே முடிவு கட்டுவது

கடற்படை, மரைன் கோப்புகளை அந்தத் தீ தொடவே இல்லை.

டிராஃப்ட் கார்டைப் பார்த்துப் போருக்குப் போனதாக எழுதுவது

டிராஃப்ட் என்பது கட்டாய ராணுவச் சேவைக்கு ஆள் எடுப்பது; அதற்காக 1917, 1918-ல் மூன்று சுற்றாகச் சுமார் 2.4 கோடி ஆண்கள் பெயர் பதிந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீருடையே போடவில்லை. 1942 ஏப்ரலில் 45 முதல் 64 வயது வரை உள்ளவர்களையும் பதியச் சொன்னார்கள், அது போருக்கு அனுப்புவதற்கே அல்ல. உயரம், கண் நிறம், முதலாளி பெயர் கிடைக்கும். அதற்கு மட்டும் கார்டை வைத்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டுப் போரில் சேவைப் பதிவோடு நின்றுவிடுவது

1861-65 போரின் சேவைப் பதிவு ஒல்லியானது. 'ஆஜர்', 'ஆஜர்', 'ஆஸ்பத்திரி' என்று சில அட்டைகள், அவ்வளவுதான். குடும்பம் இருப்பது பென்ஷன் கோப்பில். கணவர் இறந்தபின் பென்ஷன் கேட்ட பெண் தன் திருமணத்தை நிரூபிக்க வேண்டும், பிள்ளைகளின் வயதையும் நிரூபிக்க வேண்டும். அதனால் வீட்டு பைபிளிலிருந்து கிழித்த தாள், மருத்துவச்சியின் வாக்குமூலம், பக்கத்து வீட்டுக்காரரின் சாட்சி எல்லாம் அதில் கட்டிக் கிடக்கும்.

கறுப்பினக் குடும்பங்களுக்கு இது இன்னும் பெரிது. வடதரப்பான ஒன்றிய ராணுவத்தில் சுமார் 1,79,000 கறுப்பினத்தவர் இருந்தார்கள். அடிமையாக வாழ்ந்தவர்களுக்குச் சட்டப்படி திருமணப் பதிவு கிடையாது. ஆகவே கூடவே அதே பண்ணையில் இருந்தவர்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் நூலகத்துக்கு வரும் ஒரு பெண்மணி, தன் பூட்டியின் தாயார் பெயரை அப்படி ஒரு சாட்சியத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தார். அன்று அவரால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை. மீதியை நான் வாசித்தேன்.

தென்தரப்பு வீரர்களின் பென்ஷன் கோப்பை வாஷிங்டனில் தேடாதீர்கள். அவர்களுக்குப் பென்ஷன் கொடுத்தவை தென் மாநிலங்கள். அதுவும் போரிட்ட மாநிலம் அல்ல, விண்ணப்பிக்கும்போது குடியிருந்த மாநிலம். டென்னசியில் சேர்ந்து டெக்சஸில் வயதானவரின் தாள் டெக்சஸில் இருக்கும்.

நடுவில் உள்ள போர்களைத் தாண்டிப் போவது

1875-ல் பிறந்தவரை உள்நாட்டுப் போரிலும் தேட முடியாது, முதல் உலகப் போரிலும் கிடைப்பது அரிது. 1898-ன் ஸ்பெயின் போரிலும், அதைத் தொடர்ந்த பிலிப்பைன்ஸ் போரிலும் பாருங்கள்.

பெயர் பொருந்தினால் ஆளும் பொருந்தியதாக எடுத்துக்கொள்வது

மனைவி பெயர் ஒத்துப்போகும்வரை குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள்.

உயிரோடு இருப்பவரைக் கடைசிக்கு வைப்பது

முழுக் கோப்பு பொதுவில் திறக்க, அவர் வெளியேறியதிலிருந்து 62 வருடம் ஆக வேண்டும். அதற்குள் அவரே கேட்கலாம். இறந்துவிட்டால் மறுமணம் செய்யாத துணை, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார் கேட்கலாம். பேரப்பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இல்லை. என் சின்ன மாமனார் வியட்நாமிலிருந்து திரும்பி 1969-ல் வெளியேறியவர். 2031 வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. போன ஞாயிறு விண்ணப்பத்தை அவர் முன்னால் வைத்தேன். ராணுவ எண்ணை யோசிக்காமல் ஒரே மூச்சில் சொன்னார், கையெழுத்துப் போட்டார், அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்தார். இரவு பதினொன்று வரை நான் எழுதிக்கொண்டிருந்தேன்.