கையுறை போட்டால் கை சுத்தமாகிவிடாது: தொற்றுக் கட்டுப்பாட்டு விதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கைகளைச் சுத்தமாக வைத்திருக்கவும்" என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் விதி வகுத்தாயிற்று என்று பல மருத்துவமனைகள் நினைக்கின்றன. எப்போது, எதைக் கொண்டு, எவ்வளவு நேரம் என்று சொல்லாத விதியைக் கடைப்பிடிக்கவும் முடியாது, சரிபார்க்கவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் 5 தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடுமுன், ஊசி போடுவது போன்ற கிருமி புகக்கூடாத வேலைகளுக்கு முன், இரத்தமோ உடல் திரவமோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டில், மேசையைத் தொட்ட பின். ஆல்கஹால் கரைசல் என்றால் 20 முதல் 30 விநாடி. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கரைசல் கட்டிலருகே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வார்டின் கோடியில் ஒரே ஒரு குழாயை வைத்துவிட்டுச் செவிலியரிடம் விளக்கம் கேட்பது அநியாயம்.

கையுறை விஷயத்தில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். ஒருவர் கையுறையோடு சிறுநீர்ப் பையைக் காலி செய்கிறார். அதே கையால் மானிட்டர் பொத்தானை அழுத்துகிறார், திரைச்சீலையை இழுக்கிறார், அடுத்த கட்டிலுக்குப் போகிறார். அவருடைய தோலுக்குப் பாதுகாப்புதான். அடுத்த கட்டிலில் படுத்திருப்பவருக்கு? கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போதும் கையில் கிருமி ஒட்டலாம். ஒரு நோயாளிக்குப் போட்டதை அடுத்தவருக்குப் போடக்கூடாது, கழற்றியதும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள்.

நீராவியால் கருவிகளில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தில் வைத்த பொட்டலத்தின் டேப்பில் கறுப்புக் கோடு தெரிந்தவுடன் கருவிகள் தயார் என்று கையெழுத்திடுவது இன்னொரு தவறு. பொட்டலம் நீராவிக்குள் போய்வந்தது என்பதற்கு மட்டுமே அந்தக் கோடு சாட்சி. கிருமிகள் செத்தனவா என்று அறிய, வெப்பம் தாங்கும் ஜியோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளைக் கொண்டு செய்யும் உயிரியல் சோதனை வாரம் ஒரு முறையாவது வேண்டும். அதற்கும் முன்னால் ஒன்று: காய்ந்த இரத்தத்தைத் தேய்த்துக் கழுவாமல் உள்ளே வைத்த கருவிக்கு எந்தச் சோதனையும் உத்தரவாதம் தராது.

பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடுவதையும் தடை செய்யுங்கள். அப்படியே துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும்.

கடைசியாக, கணக்கு. "இந்த மாதம் 3 தொற்றுகள்" என்ற வரியால் பயனில்லை. எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை நாள் இரத்தநாளத்தில் செருகிய குழாய் இருந்தது என்று கூட்டி, 1000 குழாய் நாட்களுக்கு எத்தனை தொற்று என்று எழுத வேண்டும். பூஜ்யம் என்று வந்தால் உடனே பாராட்டிவிடாமல், அந்த மாதம் எத்தனை இரத்த மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போயின என்று கேளுங்கள்; மாதிரி போகாவிட்டால் தொற்று இருந்தும் கணக்கில் வராது.