அழைப்பிதழ் வடிவமைப்பில் லேயர்களைப் பிரித்துப் பூட்டி வைக்கும் முறை

மதுரைப் பக்கம் காதணி விழாவுக்கு அழைப்பிதழ் வடிவமைக்கும் எவருக்கும் தெரியும், கோபுரமும் பூ வேலைப்பாடும் முதல் நாளிலேயே முடிந்துவிடும், பெயர்கள்தாம் முடிவதில்லை. விடுபட்ட சித்தப்பாவைச் சேர்க்கவும் தாய்மாமன்களின் வரிசையை மாற்றவும் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், கை தவறி நகர்ந்துவிடுவது யாரும் திருத்தச் சொல்லாத அந்தக் கோபுரந்தான். நான் ஒருமுறை பெயரை நகர்த்துவதாக எண்ணி அம்புக்குறி விசையை நான்கு தடவை அழுத்தினேன்; தேர்வாகியிருந்ததோ கோபுரத்தின் கோட்டோவியம். கலசம் பொன்னிறக் கட்டத்தில் முட்டியபடியே ஐந்நூறு பிரதிகளும் அச்சாகி வந்தன.

இதைத் தவிர்க்க, படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் போன்ற லேயர்களாகப் பிரித்து, முடிந்தவற்றைப் பூட்டி வைக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளைக் கொண்டு அந்த முறையை விளக்குகிறேன். ஷிப்ட், கண்ட்ரோல், எல் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் லேயர் பலகை திறக்கும். எல்லுக்குப் பதிலாக என் என்ற எழுத்தை அழுத்தினால் புதிய லேயர் உருவாகும். 2022இல் வந்த 1.2 பதிப்பு முதல் லேயர்களும் அவற்றிலுள்ள உருவங்களும் ஒரே பலகையில் தெரிகின்றன. கீழிருந்து மேலாகப் பின்னணி, கட்டம், கோபுரம், பெயர்கள் என நான்கு லேயர்கள் போதும். பிறக்கும்போதே பெயரிட்டுவிடுங்கள், லேயர் 1, லேயர் 2 என்று விட்டுவைத்தால், எதில் எது இருக்கிறதென்று மறுவாரம் உங்களுக்கே விளங்காது.

ஓர் உருவத்தைச் சொடுக்கியவுடன் அது இருக்கும் லேயரே நடப்பு லேயராக, அதாவது புதிதாக வரைவது போய்ச் சேரும் லேயராக, மாறிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோபுரத்தைத் தற்செயலாகத் தொட்டுவிட்டுப் புதுப் பெயரைத் தட்டச்சு செய்தால், அந்தப் பெயர் கோபுர லேயருக்குள் போய்விடும். அதைத் தேர்ந்து ஷிப்டுடன் பேஜ்அப் விசையை அழுத்தினால் மேல் லேயருக்கு ஏறிவிடும் என்றாலும், முடிந்த லேயரை உடனே பூட்டிவிடுவதே என் வழக்கம். பலகையில் லேயர் பெயருக்கு அருகிலுள்ள பூட்டுக் குறியைச் சொடுக்கினால், அதன்பின் கோபுரத்தின் மேல் எவ்வளவு சொடுக்கினாலும் அது தேர்வாகாது. பூட்டிய லேயரே நடப்பு லேயராக இருக்கும்போது வரைய முற்பட்டால், அது பூட்டப்பட்டிருப்பதாகக் கீழ்ப்பட்டையில் அறிவிப்பு வரும். எலி கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம்.

இந்தப் பூட்டு, இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்.வி.ஜி. வகைக் கோப்பிலேயே பதிவாவதால், கோப்பு யாரிடம் போனாலும் பூட்டும் உடன் போகும். ஆயினும் அதற்குக் கடவுச்சொல் கிடையாது. எவரும் ஒரு சொடுக்கில் திறந்துவிடலாம். ஆகவே, வாடிக்கையாளர் ஒப்புதல் தந்த கோப்பை நாளிட்டுத் தனிப் பிரதியாகவும் வைத்திருங்கள்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளைப் பாதையாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டுருவங்களாக, மாற்றுவது அவசியம். நம் எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லாவிட்டால் தமிழ் குலைந்துவிடும். மாற்றியபின் அவ்வெழுத்துகளில் பிழை திருத்த இயலாது. எனவே பெயர் லேயரை முதலில் பிரதியெடுத்து, அந்தப் பிரதிக்கு ‘எழுத்து மூலம்’ என்று பெயரிட்டு, கண் குறியைச் சொடுக்கி மறைத்து, பூட்டியும் விடுங்கள். மறைத்த லேயர் பி.டி.எஃப். கோப்பில் தெரியாது. அச்சேறும் காலையில் இன்னொரு மாமன் பெயர் வந்தால், மூல லேயரில் சேர்த்துவிட்டு, அதன் புதிய பிரதியொன்றைப் பாதையாக்கினால் போதும்.