ஸ்டேட்மெண்ட் அடிக்க டைப்பிஸ்ட் போடும் கணக்கு

ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் எந்திரமும் 'டைப்ரைட்டர்', அதில் அடிக்கிறவரும் 'டைப்ரைட்டர்'. 'டைப்பிஸ்ட்' பிறகுதான் நிலைத்தது. தமிழில் அந்தக் குழப்பமே இல்லை: எந்திரம் தட்டச்சுப்பொறி, ஆள் தட்டச்சர். தமிழ்நாட்டில் குரூப் 4 தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சுத் தேர்வின் மேல்நிலையான ஹையர் வேண்டும். அல்லது ஒன்றில் ஹையர், மற்றதில் கீழ்நிலையான லோயர். ஆங்கில லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45.

வேகம் பழகப் பழக வந்துவிடும். ஆளைக் கவிழ்ப்பது ஸ்டேட்மெண்ட், அதாவது பத்தி பத்தியாகப் பிரித்து அடிக்கும் பட்டியல்தான். விசையில் கை வைக்கும் முன் பென்சிலை எடுங்கள்.

ஏ4 தாளின் குறுக்கே, அங்குலத்துக்கு 10 எழுத்து விழும் மெஷினில், 82 எழுத்து கொள்ளும். தாளின் இடது ஓரம் மெஷினில் உள்ள ஸ்கேலில் 0-இல் நிற்கட்டும். ஒவ்வொரு பத்தியிலும் மிக நீளமானது எதுவோ அதை எண்ணுங்கள். தலைப்பே நீளம் என்றால் தலைப்பை. வ.எண் 4, பெயர் 22, ஊர் 12, தொகை 8 என்றால் மொத்தம் 46. நடுவில் மூன்று இடைவெளி, நாலு நாலாக 12. ஆக 58. 82-இல் கழித்தால் 24. அதில் பாதி 12, அதுதான் இடது மார்ஜின். அடுத்த பத்திகள் தொடங்கும் இடத்துக்கு ஒரே தட்டில் தாவ டேப் வைக்க வேண்டும்: 12-உடன் பத்தியின் 4, இடைவெளியின் 4 கூட்டினால் 20; இப்படியே 46, 62.

தமிழில் எண்ணும்போது புள்ளியை விட்டுவிடுங்கள். புள்ளி விசைக்குக் கேரேஜ், அதாவது தாளைத் தாங்கி நகரும் பகுதி, நகராது. அதனால்தான் புள்ளியை முதலில் அடித்து, அதே இடத்தில் எழுத்தை அடிக்கிறோம். மாற்றி அடித்தால் புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்காரும். 'பெயர்' என்பதில் கொம்பு, ப, ய, ர என்று நாலு இடம்தான்.

தலைப்பு நடுவில் வர, கேரேஜை 41-இல் நிறுத்தி, இரண்டு எழுத்துக்கு ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டுங்கள்.

தொகைப் பத்தியில் இன்னொரு சங்கதி. டேப் உங்களை 62-இல் கொண்டுபோய் விடும். ஆனால் எண்கள் வலது ஓரத்தில் ஒத்து நிற்க வேண்டும். ஐந்து இலக்கம் என்றால் மூன்று ஸ்பேஸ் தட்டிவிட்டு அடியுங்கள். காற்புள்ளிக்கும் ஓர் இடம் உண்டு.

அவசரத்தில் இரண்டு விசை சேர்ந்து விழுந்து, எழுத்தைத் தாளில் பதிக்கும் கம்பிகள் சிக்கினால், விரலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கம்பி வளைந்து, அந்த எழுத்து வரியை விட்டு ஏறியோ இறங்கியோதான் விழும்.