உலக விவகாரப் பேச்சுக் கூட்டம் நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அமெரிக்காவின் பல நகரங்களில் வேர்ல்ட் அஃபேர்ஸ் கவுன்சில் என்ற பெயரில் சங்கங்கள் இருக்கின்றன. லாப நோக்கம் இல்லை, கட்சி சார்பு இல்லை. உறுப்பினர்கள் சந்தா கட்டுகிறார்கள், சங்கம் ஒரு தூதரையோ பேராசிரியரையோ பத்திரிகையாளரையோ அழைத்து வந்து ஊர் மக்கள் முன்னால் பேச வைக்கிறது. வாஷிங்டனில் இருப்பவர்களுக்கு எளிதாகக் கிடைக்கிற பேச்சு சின்ன ஊர் பள்ளி ஆசிரியருக்கும் கிடைக்கிறதே என்பதால் இவற்றின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதனாலேயே சில தவறுகளைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

முதல் தவறு, கேள்வி நேரத்தைத் தின்றுவிடுவது. அழைப்பிதழிலேயே இருக்கிற பேச்சாளர் அறிமுகத்தை மேடையில் பத்து நிமிடம் வாசித்து, அவரையும் முக்கால் மணி நேரம் பேச விட்டு, கடைசியில் "இரண்டே கேள்விக்குத்தான் நேரம்" என்றால் வந்தவர்கள் எதற்கு வந்தார்கள்? கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்குவது நல்ல முறைதான், கூச்சப்படுகிறவரும் கேட்பார், கேள்வி என்ற பெயரில் யாரும் சொற்பொழிவு ஆற்ற முடியாது. ஆனால் விருந்தாளி சங்கடப்படுவார் என்று ஒருங்கிணைப்பாளர் காரமான சீட்டுகளை அடியில் தள்ளினால் அரங்கத்துக்கு அது உடனே தெரிந்துவிடும், அப்புறம் அந்த நம்பிக்கை திரும்பி வராது.

அடுத்தது, சாத்தம் ஹவுஸ் விதி. லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற வெளியுறவு ஆய்வு நிறுவனம் 1927இல் வகுத்தது. கேட்ட செய்தியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர், கூட்டத்தில் வேறு யார் இருந்தார்கள் என்பதை வெளியிடக் கூடாது, அவ்வளவுதான். பலர் இதை "எதையுமே வெளியே சொல்லக் கூடாது" என்று புரிந்துகொண்டு, கேமரா ஓடுகிற பொது அரங்கில் பேச்சு பாதி முடிந்த பிறகு அறிவிக்கிறார்கள். அது மூடிய அறைக்கான விதி. பொதுக்கூட்டம் என்றால் எல்லாமே பதிவுக்கு உரியது என்று பேச்சாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

தேர்தல் ஆண்டில் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வரிவிலக்கு பெற்ற லாப நோக்கமற்ற அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்று 1954 முதல் சட்டம் இருக்கிறது. ஒரு வேட்பாளரை மட்டும் மேடையேற்றிவிட்டு "வெளியுறவு பற்றித்தானே பேசினார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நன்கொடையையும் மறைக்காதீர்கள். ஒரு நாட்டைப் பற்றிய கூட்டத்துக்கு அந்த நாட்டுத் தூதரகமே பணம் கொடுத்திருந்தால், தொடக்கத்திலேயே ஒரு வரி சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, ஆட்களைக் கூட்டி உட்கார வைப்பதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. ஃபாரின் பாலிசி அசோசியேஷன் என்ற அமெரிக்க அமைப்பு 1954இல் தொடங்கிய 'கிரேட் டிசிஷன்ஸ்' திட்டத்தில் முதலில் எல்லோரும் கையேட்டைப் படிக்கிறார்கள், பிறகுதான் கூடி விவாதிக்கிறார்கள். அதுபோல ஒரு வாரம் முன்பே இரண்டு பக்கக் குறிப்பும் ஒரு வரைபடமும் உறுப்பினர்களுக்கு அனுப்பிப் பாருங்கள், அன்றைக்கு வருகிற கேள்விகளின் தரமே வேறாக இருக்கும்.