புது டயர் போட்ட ஜீப்புக்கு எவ்வளவு காற்று அடிப்பது?

டயர் மாற்றி முடித்ததும் கடைத் தம்பி "முப்பத்தஞ்சு அடிக்கவாண்ணா?" என்று கேட்பார், நாமும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவோம். தயவுசெய்து அப்படி ஆட்டாதீர்கள். அந்த முப்பத்தஞ்சு ஒரு ஜீப்புக்குச் சரியாக இருக்கும், இன்னொன்றுக்குக் கூடிப்போகும், வேறொன்றுக்குப் போதவே போதாது. வெசலின் எடையும் ப்ராடோவின் எடையும் ஒன்றா? பெருந்தொகை கொடுத்து வாங்கிய டயர் பாதி ஆயுளில் தேய்ந்துபோவதும், மாரி மழையில் ஹபரண ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது வாகனம் வழுக்குவதும் பல நேரம் இந்த ஒரு எண்ணைக் கவனிக்காததால்தான்.

முதலில் சாரதிப் பக்கக் கதவைத் திறந்து தூணைப் பாருங்கள். அங்கே ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில வாகனங்களில் எரிபொருள் மூடிக்கு உள்ளே இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த வாகனம் என்றால் எழுத்து புரியாது, ஆனால் டயர் அளவும் காற்றின் அளவும் எண்ணில்தான் இருக்கும், அதுவும் நம் கடைகளில் காற்றழுத்தத்தைச் சொல்லும் பிஎஸ்ஐ (psi) அலகில் இல்லாமல் கேபிஏ (kPa) அலகில். 100 கேபிஏ என்பது 14.5 பிஎஸ்ஐ. அதனால் 200 என்று இருந்தால் 29, 220 என்றால் 32, 230 என்றால் 33, 250 என்றால் 36. முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு எண் இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை.

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் 44, 51 போன்ற எண்ணைப் பார்த்து அவ்வளவு அடிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது அந்த டயர் தாங்கும் உச்ச எல்லை. அந்த டயரைச் செய்த கம்பெனிக்கு அது உங்கள் வாகனத்தில் ஏறுமா வேறொன்றில் ஏறுமா என்று தெரியாது.

சரி, புது டயர் பழைய அளவேதானா? 265/65ஆர்17 இருந்த இடத்தில் அதே அளவு, அதன் பக்கத்தில் இருக்கும் சுமைக் குறியீடும் அதே 112, எக்ஸ்எல் (XL, கூடுதல் சுமை டயர்), எல்டி (LT, பிக்கப், லொறி வகை டயர்) என்று எதுவும் கூடுதலாக எழுதியில்லை என்றால் ஸ்டிக்கரில் உள்ளதை அப்படியே அடியுங்கள். பிராண்ட் மாறினால் காற்றை மாற்றத் தேவையில்லை.

வேறு வகை டயர் போட்டவர்கள்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தச் சுமைக் குறியீடு, டயர் ஒன்று தாங்கும் எடையைச் சொல்வது: 95 என்றால் 690 கிலோ, 100 என்றால் 800, 112 என்றால் 1120, 116 என்றால் 1250. பழைய டயரைவிடக் குறைந்த எண் உள்ளதை மலிவு என்பதற்காக வாங்கவே வேண்டாம், காற்றைக் கூட்டி அதைச் சமாளிக்கலாம் என்று கடையில் சொன்னாலும் வேண்டாம். எண் கூடிய டயராக இருந்தாலும் ஸ்டிக்கரில் உள்ளதற்குக் கீழே போகாதீர்கள். உண்மையில் சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று, ரப்பர் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது, அதனால்தான் டயர் பலமாக இருக்கிறது என்று காற்றைக் குறைக்க முடியாது. எக்ஸ்எல் டயர் தன் முழுச் சுமையைத் தூக்க 290 கேபிஏ, அதாவது 42 பிஎஸ்ஐ கேட்கும், சாதாரண டயருக்கு அது 250தான். அதே அளவில் எக்ஸ்எல் போட்டிருந்தால் ஸ்டிக்கரில் உள்ளதைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டுவது நல்லது.

எல்டி என்று எழுதியிருக்கும் தடித்த ஆல் டெரெய்ன் டயரில்தான் பெரிய வித்தியாசம் வருகிறது. இவை பிக்கப், லொறி போன்றவற்றுக்காகச் செய்தவை, 'ஈ' (E) என்ற சுமைத் தரத்து எல்டி டயர் தன் முழுச் சுமையைத் தூக்குவது 80 பிஎஸ்ஐயில். ஸ்டிக்கரில் 29 என்று இருக்கிறதே என்று இதற்கும் 29 அடித்தால், வெளியே பார்க்க நிமிர்ந்து நிற்கும், ஆனால் ஓடும்போது பக்கவாட்டு மடிந்து மடிந்து உள்ளுக்குள் சூடேறும். முன்பு 29 போதுமாக இருந்த வாகனத்துக்கு எல்டி போட்டால் பெரும்பாலும் 36க்கும் 40க்கும் இடையில்தான் வந்து நிற்கும். அதற்காக 80 அடித்துவிடவும் கூடாது, ரோட்டைத் தொடுவது நடுப்பகுதி மட்டும் என்று ஆகிவிடும். டயர் கம்பெனிகள் எந்தக் காற்றுக்கு எவ்வளவு சுமை என்று ஒரு அட்டவணை வைத்திருக்கின்றன, பழைய டயர் ஸ்டிக்கர் காற்றில் தாங்கிய அதே எடையைப் புது டயர் எந்தக் காற்றில் தாங்குகிறது என்று அதில் பார்த்தால் உங்கள் எண் கிடைக்கும். கடையில் கேட்டு வாங்குங்கள்.

இந்த எண்கள் எல்லாமே குளிர்ந்த டயருக்கு, அதாவது வாகனம் மூன்று மணிநேரமாவது நின்ற பிறகு, வெயில் ஏறுவதற்கு முன். திருகோணமலையில் இதுதான் பெரிய சிக்கல். வெப்பநிலை 10 பாகை கூடினால் கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ ஏறும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் டச்பே பக்கம் நடுப்பகலில் நிறுத்திவிட்டு வந்து அளந்தால் வெயில் பக்கத்து டயர் ஒரு கணக்கும் நிழல் பக்கத்து டயர் ஒரு கணக்கும் காட்டும். ஓடி வந்த டயரில் 4, 5 கூடுதலாகத் தெரிவது சாதாரணம். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டீர்கள் என்றால் மறுநாள் காலையில் டயர் குறைவாக நிற்கும், குறைந்த காற்றில் இன்னும் சூடாகும்.

டயர் மாற்றிய மறுநாள் காலை வீட்டு முற்றத்திலேயே அளந்து பாருங்கள், இதைக் கட்டாயம் செய்யுங்கள். விளிம்பு ரிம்மில் உட்காருவதற்காகக் கடையில் 40 வரை அடிப்பார்கள், சில இடங்களில் பிறகு குறைக்க மறந்து அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். பெற்றோல் ஷெட் மீற்றர் சரியா பிழையா என்று நமக்குத் தெரியாது, அதனால் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி எப்போதும் அதையே பாவியுங்கள்.

எண் சரியா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி கந்தளாய் வரை ஓடுவது. காலையில் குளிராக அளந்து எழுதிக்கொண்டு, ஏ6 ரோட்டில் ஒரே சீரான வேகத்தில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் போய், நிறுத்திய உடனே திரும்ப அளந்து பாருங்கள். சாதாரண டயரில் 4 பிஎஸ்ஐ அளவு கூடியிருந்தால் சரி. 6க்கு மேல் ஏறியிருந்தால் ஆரம்பக் காற்று குறைவு, அடுத்த நாள் காலை இரண்டு கூட்டுங்கள். 2 கூட ஏறவில்லை என்றால் ஆரம்பமே அதிகம், ஆனாலும் ஸ்டிக்கரின் எண்ணுக்குக் கீழே இறக்காதீர்கள். எல்டி டயரில் 6 வரை ஏறலாம். இது ஜீப்காரர்களின் அனுபவக் கணக்குத்தான், ஆனால் நன்றாகவே வேலை செய்கிறது. அப்புறம் சில மாதம் போனதும் தேய்மானத்தைப் பாருங்கள்: நடு தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு, ஒரு ஓரம் மட்டும் என்றால் அது வீல் எலைன்மென்ட்.

ஏழு பேரும் சாமானும் ஏற்றிக்கொண்டு கண்டிக்கோ கொழும்புக்கோ போகும்போது பின் டயர்களுக்குக் கூடுதல் காற்று வேண்டும், முழுச் சுமைக்கென்று தனி எண் ஸ்டிக்கரில் இருந்தால் அதை எடுங்கள். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் மணலில் இறங்க வேண்டி வந்தால் 18 வரை குறைக்கலாம், ஆனால் மெதுவாக ஓட்டி, சட்டென்று வளைக்காமல், தார் ரோட்டுக்கு ஏறுவதற்கு முன் திரும்ப அடித்துவிட வேண்டும். பற்றரியில் கொளுவும் சின்னக் கொம்பிரசர் ஒன்று இருந்தால்தான் மணல் பக்கம் போங்கள்.

நைட்ரஜன் வேண்டுமா என்றால், சாதாரணக் காற்றிலேயே 78 வீதம் நைட்ரஜன்தான், எனக்கென்றால் காசு கொடுத்து அடிக்கத் தேவையில்லை. டயர் எச்சரிக்கை விளக்கு உள்ள வாகனத்தில் புது எண்ணைச் சரிசெய்த பிறகு அதை ரீசெட் செய்யுங்கள். ஸ்பெயர் வீலையும் அன்றைக்கே அளந்து, நான்கில் எது அதிகமோ அதே அளவு அடித்து வையுங்கள். மெல்லிய தற்காலிகச் சக்கரம் என்றால் அதற்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ, பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும்.