கை நடுக்கம் நின்ற கதை

குடியை நானாகவே ஒரே நாளில் நிறுத்தியதுதான் என் முதல் தப்பு. மறுநாள் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை உதறியது, ராத்திரி வலிப்பு. வருஷக்கணக்கில் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாம், டாக்டர் திட்டினார். ஆஸ்பத்திரியில் தங்கி, மாத்திரை, தயாமின் (வைட்டமின் பி1) ஊசி என்று நடுக்கம் போனது. ஆசை போகவில்லை.

அதற்குக் கை கொடுத்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம், குடியை விட நினைப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் இடம். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது, கட்டணம் கிடையாது. முதல் நாள் வாயே திறக்கவில்லை, பிஸ்கட் மட்டும் தின்றேன்.

சாயங்காலம் ஆறு மணிதான் கண்டம். சைதாப்பேட்டையில் இறங்கினால் வழியில் கடை. சின்னமலையிலேயே இறங்கி, கடலை மிட்டாய் மென்றபடி சுற்றி நடப்பேன். ஏடிஎம் கார்டு இன்னும் மனைவியிடம்தான்.